வளவு போட்டோ மட்டும் போதாது: எங்கள் செட்டிநாட்டு ஹோம்ஸ்டே வெப்சைட்டைத் திருத்திய அனுபவம்

காரைக்குடியைச் சுற்றி ஹோம்ஸ்டே நடத்துகிற எந்த வீட்டின் வெப்சைட்டைத் திறந்தாலும் முதலில் வருவது ஒரே மாதிரி போட்டோதான். இருபுறமும் தூண்கள், நடுவில் வளவு என்கிற வானம் பார்த்த முற்றம், தரையில் ஆத்தங்குடிக் கல் என்கிற வண்ண சிமெண்ட் டைல். கீழே “நூற்றாண்டுப் பாரம்பரியம் உங்களை அழைக்கிறது” என்று ஒரு வரி. எங்கள் வெப்சைட்டும் அப்படித்தான் இருந்தது. ஒரு டிசைனர் செய்து கொடுத்தது. பார்க்க லட்சணமாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ரூம் போட்டவர்கள் அபூர்வம். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கானாடுகாத்தானிலும் உண்டு, பள்ளத்தூரிலும் உண்டு, தேவகோட்டையிலும் உண்டு. பெங்களூரில் உட்கார்ந்து போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே வீடாகத்தான் தெரியும்.

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். பங்காளிகளுக்குப் பொதுவானது. எங்கள் பங்குக்கு வந்த அறைகளைச் செப்பனிட்டு அம்மாவும் நானும் நடத்துகிறோம். வேலை செய்கிறவர்களும் வந்து தங்குகிறவர்களும் அம்மாவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்படி அவர் பொறுப்பு, போன், புக்கிங், வெப்சைட் என் பொறுப்பு. வெப்சைட்டைத் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தபோது முதலில் நான் எடுத்தது கம்ப்யூட்டரை அல்ல, போன் பக்கத்தில் கிடந்த கணக்கு நோட்டை. போனில் யார் என்ன கேட்டாலும் அதில் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே பக்கங்கள் நிரம்பிவிட்டன. அவற்றில் ஒருவர்கூட வீடு எந்த வருஷம் கட்டியது என்று கேட்கவில்லை.

கேட்டது என்ன தெரியுமா? பாத்ரூம் ரூமுக்குள்ளேயே இருக்கிறதா. வெஸ்டர்ன் டாய்லெட்டா. ஏசி உண்டா. வயதானவர்கள் படி ஏற வேண்டுமா. டிரைவர் எங்கே படுப்பார். ராத்திரி பத்தரைக்கு வந்தால் சாப்பாடு கிடைக்குமா. அசைவம் உண்டா, ரொம்பக் காரமா. வீட்டில் நீங்கள் இருப்பீர்களா, இல்லை வாட்ச்மேன் மட்டும்தானா. கடைசிக் கேள்வி பெரும்பாலும் தனியாக வரும் பெண்களிடமிருந்து வரும்.

இந்த நோட்டைத்தான் அப்படியே வெப்சைட் ஆக்கினோம். எங்களுக்குப் பலன் கொடுத்தது பெரும்பாலும் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

பாத்ரூம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் வளவைச் சுற்றியிருக்கும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. சாமான் வைக்கவும் இரவில் படுக்கவும்தான். சிறியவை, ஜன்னல் குறைவு. கழிப்பறை என்பது வீட்டின் கடைசியில், கொல்லைப்பக்கம். இப்போது ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரு அறையைத் தடுத்தோ பக்கத்து அறையைச் சேர்த்தோதான் பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். விவரம் தெரிந்த விருந்தாளி அதனால்தான் முதலில் அதைக் கேட்கிறார். நாங்கள் என்ன செய்தோமென்றால், ஒவ்வொரு ரூமுக்கும் தனிப் பக்கம் வைத்தோம். அதில் ரூம் வாசலில் நின்று எடுத்த படம் ஒன்று, கட்டிலிலிருந்து எதிரே பார்த்தால் என்ன தெரியுமோ அது ஒன்று, பாத்ரூம் படம் ஒன்று கண்டிப்பாக. நீள அகலம் அடிக்கணக்கில். “இந்த அறைக்கு வெளிப்புற ஜன்னல் இல்லை, கதவைத் திறந்தால் வளவு” என்றும் எழுதினோம்.

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “ஜன்னல் இல்லைன்னு நம்மளே சொல்லுவமா?” என்றார். சொன்னோம். அந்த அறையை இப்போது கோடைக்காலத்தில் கேட்டு வாங்குகிறார்கள், அதுதான் வீட்டிலேயே குளிர்ச்சி.

நிலைவாசல் உயரமும் அப்படித்தான். பழைய நிலைகள் தாழ்வானவை, குனிந்துதான் நுழைய வேண்டும். ஆறடிக்கு மேல் இருக்கிற வெள்ளைக்காரர்கள் தலையில் இடித்துக்கொள்வது வாடிக்கை. இதையும் எழுதி, நிலையில் கைவைத்து ஒருவர் குனிகிற மாதிரி ஒரு படமும் போட்டோம். மாடிப்படி செங்குத்து, முட்டிவலி உள்ளவர்கள் கீழ் அறை கேளுங்கள் என்றும் ஒரு வரி. குறையைச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. சிலர் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வந்து இறங்கிய பிறகு முகம் சுளிப்பது நின்றுவிட்டது; ரிவ்யூவில் அது தெரிகிறது.

ரிவ்யூ என்றதும் நினைவுக்கு வருகிறது. டிசம்பர், ஜனவரிதான் எங்களுக்கு சீசன். வெளிநாட்டுக்காரர்கள் அப்போதுதான் மதுரை, தஞ்சாவூர் வழியில் இங்கே ஓரிரு இரவு தங்குகிறார்கள். அது மார்கழி. விடிவதற்கு வெகு நேரம் முன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். நீண்ட பயணம் முடித்துப் படுத்தவருக்கு அது எப்படி இருக்கும்? ஒருவர் ரிவ்யூவில் கடுமையாகவே எழுதினார். கோயிலிடம் போய் நிற்க முடியுமா என்ன. “மார்கழி மாதம் அதிகாலையில் கோயில் பாட்டு கேட்கும், பின்பக்க மாடி அறையில் சத்தம் குறைவு” என்று ரூம் பக்கத்திலேயே போட்டுவிட்டு, அந்த ரிவ்யூவுக்கும் அதையே பதிலாக எழுதினேன். அதற்குப் பிறகு சத்தம் குறைந்த அறை கேட்டவர்களும் உண்டு, பாட்டு நன்றாகக் கேட்கிற முன் அறைதான் வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்களும் உண்டு.

அடுத்து, போட்டோவின் எடை. பழைய வெப்சைட்டில் ஒவ்வொரு படமும் கேமராவில் எடுத்தபடியே, 5 எம்பி, 8 எம்பி என்று ஏற்றப்பட்டிருந்தது. தானாக நகரும் ஸ்லைடு, போதாக்குறைக்குத் திறந்தவுடன் நாதஸ்வரம் வேறு. பக்கத்தில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ரூம் தேடுகிறவர் நாதஸ்வரம் கேட்டால் என்ன செய்வார், உடனே மூடுவார். பாட்டையும் ஸ்லைடையும் எடுத்தோம். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் 200 கேபி, 300 கேபிக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு இலவசக் கருவிகளே போதும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசப் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எது கனக்கிறது என்று வரிசையாகக் காட்டும். முதல் திரையில் இருக்கும் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. உங்கள் வீட்டு வைஃபையில் சோதிக்காதீர்கள். போனில், சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் நின்று திறந்து பாருங்கள்.

படம் எடுக்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் வளவில் எடுத்தால் முற்றம் வெள்ளையாக எரியும், தூண்கள் கரியாக நிற்கும். காலை ஏழரை முதல் ஒன்பது வரை எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம். உங்கள் வீட்டின் திசை வேறாக இருந்தால் நேரமும் வேறாக இருக்கும். போட்டோகிராபரை ஒரு நாள் முழுக்க இருத்தி, சாப்பாட்டு இலையையும் எடுக்கச் சொன்னோம். எங்கள் வெப்சைட்டில் இன்றைக்கு அதிகம் பேர் தட்டுகிற படம் அந்த இலைதான், வளவு அல்ல.

சாப்பாட்டுப் பக்கத்தைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. “அசல் செட்டிநாட்டு உணவு” என்று எழுதுவதில் பயனில்லை, சென்னையில் தெருவுக்குத் தெரு அந்தப் போர்டு தொங்குகிறது. என்ன சமைக்கிறோமோ அதை எழுத வேண்டும். காலையில் வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல். சில நாள் கவுனி அரிசி. மதியம் இலையில் வெண்டைக்காய் மண்டி, கோழியோ ஆட்டுக்கறியோ உப்புக்கறியாக. மாலை காபியோடு மசாலா சீயம் அல்லது கந்தரப்பம். காரம் வேண்டாம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பு. கந்தரப்பம் எண்ணெயில் உப்பி வருவதை அடுப்படியில் நின்று பார்க்கலாம் என்று போட்ட பிறகு, மாலை நான்கு மணிக்கு ஊர் சுற்றப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான், ஆனால் சந்தோஷமாகவே சலித்துக்கொள்கிறார்.

வழி சொல்வதில் எங்கள் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில் என்று வீடு நீண்டுகிடக்கும். கூகுள் மேப் எங்கள் வீட்டைப் பின்தெருவில் குறித்து வைத்திருந்தது. டாக்சி கொல்லைவாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும், பாத்திரம் தேய்க்கிற அக்கா ஈரக் கையோடு ஓடிப்போய்க் கதவு திறப்பார், வந்தவர்கள் வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டு வழியாகப் பெட்டியோடு நுழைவார்கள். இவ்வளவு பெரிய முகப்பைக் கட்டிவைத்துவிட்டு விருந்தாளியை விறகு அடுக்கிய பக்கமாக அழைத்துவருவதா! கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உரிமையாளர் என்று பதிந்து, குறியை முகப்பு வாசலுக்கு நகர்த்தினோம், முகப்பின் படத்தையும் சேர்த்தோம். இதற்குக் காசு கிடையாது. வெப்சைட்டே இல்லாதவர்கள்கூட இதை மட்டுமாவது இன்றே செய்யலாம். வீட்டின் பெயரும் போன் நம்பரும் வெப்சைட், கூகுள், புக்கிங் தளங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு வேறு குழப்பம். செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கானாடுகாத்தானுக்கு அருகில். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பெரும்பாலானவர்கள் காரைக்குடி ஜங்ஷனில்தான் இறங்க வேண்டியிருக்கும். சென்னை எழும்பூரில் மதியத்துக்கு மேல் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ், காரைக்குடிக்கு வந்துசேரும்போது இரவாகிவிடும். அதனால் “பல்லவனில் வருகிறீர்களா? இட்லியும் சட்னியும் எடுத்துவைக்கிறோம், ஆட்டோவும் சொல்லிவைக்கிறோம்” என்று எழுதினோம். திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்பதையும் சேர்த்தோம். வழி கேட்டு வரும் போன் பாதியாகக் குறைந்தது.

கூகுளில் மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடி நம்மிடம் வருகிறார்கள் என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி காட்டும், அதுவும் இலவசம். அதைப் பார்த்துத்தான் ஒரு விஷயம் புரிந்தது. “பாரம்பரிய மாளிகை” என்று நாம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம், தேடுகிறவர்கள் “பிள்ளையார்பட்டி பக்கம் தங்க” என்று தேடுகிறார்கள். அதனால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டையும் ஒரு காலையில் எப்படிப் பார்ப்பது என்று ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் ஒன்பது கோயில்களுக்கு ஒரு பக்கம்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் எந்தெந்தக் கோயில்களைக் காலையில் சேர்த்துப் பார்க்கலாம், எவற்றை மாலைக்கு வைக்கலாம் என்று டிரைவர் அண்ணனை உட்காரவைத்து எழுதி வாங்கினேன். இந்தப் பக்கத்தைப் பார்த்து வருகிறவர்கள் யார் என்றால் சென்னை, மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள். சொந்த வீடு ஊரில் பூட்டிக்கிடக்கும், இல்லையென்றால் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும், தங்க இடம் வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களை மட்டும் மனத்தில் வைத்து வெப்சைட் செய்கிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கும் ஒரு பக்கம். கண்ணாடிப் பலகை மேல் அச்சுச் சட்டத்தை வைத்து வண்ண சிமெண்டை ஊற்றி, சட்டத்தை எடுத்துவிட்டு அதன்மேல் உலர்ந்த கலவை, பிறகு ஈரக் கலவை வைத்துக் கையால் அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். இதைப் படத்தோடு போட்டால் படிப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், திருமயம் கோட்டை எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு பத்தி போதும். ஒரு இரவு தங்க நினைத்தவர் இரண்டு இரவு தங்குவதற்குக் காரணம் வேண்டும், அவ்வளவுதான். யுனெஸ்கோ பெயரைச் சிலர் கண்டபடி போடுகிறார்கள். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில்தான், உலகப் பாரம்பரியச் சின்னம் என்று இன்னும் அறிவிக்கவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்த விருந்தாளிகள் வருகிறார்கள். சரியாகவே எழுதுங்கள்.

விலை. இதில்தான் வீட்டில் பெரிய சண்டை. எங்கள் பக்கத்தில் பல வெப்சைட்டுகளில் “விலைக்கு அழைக்கவும்” என்று இருக்கும். சித்தப்பா, “வீட்டு வாசல்ல விலை எழுதித் தொங்கவிட்டா மரியாதையா இருக்குமாத்தா?” என்றார். “ஓட்டல்ல விலை தெரியாம நீங்க இலை போட்டு உக்காருவீகளா சித்தப்பா?” என்று கேட்டேன். பேசாமல் போய்விட்டார். சீசனுக்கு ஒரு விலை, கோடைக்கு ஒரு விலை, அதில் காலைச் சாப்பாடு சேர்த்தி, மற்ற இரண்டு வேளைக்குத் தனி என்று தெளிவாகப் போட்டோம். வெட்டிப் பேரம் பேசும் போன்கள் குறைந்தன.

புக்கிங் தளங்களை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு புக்கிங்கிலும் 15 சதவீதத்துக்கு மேல் கமிஷன் போகிறது, வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் முன்பின் தெரியாதவர்களின் கண்ணில் நாம் படுவது அங்கேதான். அங்கே பார்த்துவிட்டு வீட்டின் பெயரை கூகுளில் போட்டுத் தேடுகிறார்கள். அப்போது நம் வெப்சைட் தயாராக நிற்க வேண்டும். நேரடியாகப் போட்டால் என்ன கூடுதல் என்று அங்கே தெரிய வேண்டும். நாங்கள் விலையைக் குறைப்பதில்லை. மாலையில் ஊர்த்தெருக்களில் ஒரு நடை கூட்டிப் போகிறோம், முந்தின இரவு ரூம் காலியாக இருந்தால் வருகிற அன்று காலையிலேயே உள்ளே விடுகிறோம். நமக்குச் செலவில்லாதது, அவர்களுக்கு உபயோகமானது.

பழைய புக்கிங் படிவம் ஒரு கதை. அது யாரும் திறக்காத ஒரு மெயில் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பல மாத விசாரணைகள் அங்கே குவிந்துகிடந்தன, பிரெஞ்சுக்காரர்கள் எழுதியவை உட்பட. இப்போது படிவத்தில் பெயர், தேதி, எத்தனை பேர், போன் நம்பர், அவ்வளவுதான். பக்கத்திலேயே வாட்ஸப் பட்டன். நம் ஊர்க்காரர்கள் வாட்ஸப்பைத்தான் தொடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலானோருக்கு யூபிஐ இருக்காது என்பதால் சர்வதேச கார்டு எடுக்கும் பேமெண்ட் வசதியும் வைத்தோம். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசு தளத்தில் பதிய வேண்டும், ஆகவே பாஸ்போர்ட், விசா நகலை முன்னதாக அனுப்பச் சொல்லி உறுதிச் செய்தியிலேயே கேட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் ஒரே ஒரு பக்கம் வைத்திருக்கிறோம், மொழி தெரிந்த ஆளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியது.

காலண்டர்தான் பங்காளி வீட்டில் கழுத்தைப் பிடிக்கும். பொங்கலுக்கு எல்லோரும் வருவார்கள். முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பு வரும், கல்யாணம் வரும், அறுபதாம் கல்யாணம் வரும். அந்த நாள்களில் வளவில் விருந்தாளி நிற்கக்கூட இடம் இருக்காது. தேதி குறித்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும் என்று பங்காளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வந்த உடனே வெப்சைட் காலண்டரில் அடைத்துவிடுவேன். காலண்டர்களை ஒன்றோடொன்று சேர்க்கிற ஐகால் இணைப்பு வழியாக அது மற்ற புக்கிங் தளங்களிலும் அடைபட்டுவிடும், ஆனால் உடனுக்குடன் அல்ல, சில மணி நேரம் ஆகலாம். அதனால் கையாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிந்தவர்கள் அதை முதல் பக்கத்திலேயே போடலாம். ஒன்று முதல் ஆறு அறை வரைதான் அதில் சேரும், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். “நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம்” என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தனியாக வரும் பெண்களின் அந்தக் கேள்விக்கும் பதிலாகிவிடும்.

புதிதாக வெப்சைட் செய்யப்போகிறவர்கள் டிசைனரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு மூன்றை எழுதி வாங்குங்கள். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதிவாக வேண்டும். எங்களுடையது செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது, அதை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விலையையும் படத்தையும் நீங்களே போனிலிருந்து மாற்ற முடிய வேண்டும். எடுத்த போட்டோக்களின் மூலக் கோப்புகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். மற்றபடி டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். செலவு செய்வதானால் போட்டோவுக்குச் செய்யுங்கள். எழுதுவதை மட்டும் வெளியாளிடம் விடாதீர்கள், போன் எடுக்கிறவர் யாரோ அவரே எழுதட்டும்.